பதிமூன்றாவது ஆர்டர்

2019-ல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தேன். தரைத்தளத்தில் ஒரே ஒரு அறை. அதை நான்கு பையன்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு உணவு டெலிவரி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இரவு நான் வீடு திரும்பும்போது பல நாள் அவன் படிக்கட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பதினொன்றேகால் மணி இருக்கும். என் கழுத்தில் கிடந்த ஐடி கார்டைப் பார்த்துவிட்டான்.

"அண்ணா, நீங்க எங்க ஆப் கம்பெனிலயா வேலை பாக்குறீங்க?"

"ஆமா தம்பி."

"அப்ப ஒரு டவுட்டுண்ணா. பதினாலு ஆர்டர் முடிச்சா இன்சென்டிவ். நான் எட்டரைக்கே பதிமூணு முடிச்சிட்டேன். அதோட நின்னுபோச்சு. நேத்தும் இதே கதை. பதிமூணுல நிறுத்திடுதுண்ணா. ஏதாச்சும் செட்டிங் இருக்கா?"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. லேட் நைட்ல ஆர்டர் கம்மியா இருக்கும்."

அவன் தலையாட்டினான். போனை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தான். நான் மாடி ஏறிவிட்டேன்.

இதற்கு மேல் போவதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். பதினாலு, பதிமூணு என்ற எண்களும் உண்மையான எண்கள் அல்ல. சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை மங்கலாக்கியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இன்னும் என்னைக் கட்டுப்படுத்துகிறது. இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியது.

*

வேலையில் சேர்ந்த நாளில் பதினெட்டு ஃபைல்கள் மின்னஞ்சலில் வந்தன. பி.எஃப். படிவம், இன்சூரன்ஸ், லேப்டாப் வாங்கிக்கொண்டதற்கான ஒப்புதல். நடுவில் பதினோரு பக்கத்தில் ரகசியக் காப்பு ஒப்பந்தம். ஹெச்.ஆர். பெண் "எல்லாம் ஃபார்மாலிட்டிதான்" என்றார். மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்த இடங்களிலெல்லாம் கிளிக் செய்தேன். மொத்தமாக ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அன்று இரவு அப்பாவிடம் போனில், "என்.டி.ஏ.வுல சைன் பண்ணியாச்சுப்பா" என்றேன். அவர் "எந்தத் தொகுதிடா?" என்று கேட்டார். அது தேர்தல் வருஷம்.

நம்மில் நிறையப் பேர் கையெழுத்திட்ட சத்தியங்களில் கனமானது இதுவாகத்தான் இருக்கும். கல்யாண மந்திரம்கூட ஐயர் சொல்லச்சொல்ல நாம் திருப்பிச் சொல்வது. அதற்குச் சாட்சி உண்டு, சாப்பாடு உண்டு. இது சாட்சியில்லாத சத்தியம். வேலையை விட்ட பிறகும் கூடவே வரும். பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து வருஷம் என்று காலம் போடுவார்கள். தொழில் ரகசியம் என்று வந்துவிட்டால், அது ரகசியமாக இருக்கும் வரைக்கும் என்று எழுதிவிடுவார்கள். அப்படியென்றால் சாகும் வரைகூட இருக்கலாம்.

இப்படி ஒரு ஒப்பந்தம் ஏன் தேவைப்படுகிறது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஒரு கண்டுபிடிப்பைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. முதலாவது, காப்புரிமை. எப்படிச் செய்தாய் என்பதை ஊருக்கே எழுதிக்கொடுக்கவேண்டும். பதிலுக்கு அரசாங்கம் 20 வருஷம் உன்னைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது என்று காவல் நிற்கும். அதன் பிறகு அது பொதுச்சொத்து. இரண்டாவது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது. இதற்குக் கால எல்லை கிடையாது, அரசாங்கக் காவலும் கிடையாது. நாளைக்கே யாராவது சொந்தமாக அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், 39-ஆம் பிரிவில், இதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறது. விஷயம் உண்மையிலேயே ரகசியமாக இருக்கவேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்கவேண்டும். அதைக் காக்க உடைமைக்காரர் நியாயமான முயற்சி எடுத்திருக்கவேண்டும். நாம் கையெழுத்துப் போடும் காகிதம் அந்த மூன்றாவது நிபந்தனைக்கானது. பூட்டு போட்டிருந்தேன் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் காட்டுவதற்கு.

இந்தப் பூட்டின் மேல் எனக்கு வெறுப்பும் கிடையாது. கோவையில் என் கல்லூரி நண்பன் ஒருவன், இரண்டே இரண்டு பேரை வைத்துக்கொண்டு, பம்ப் மோட்டார்களைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினான். ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டுக் காட்டச் சொன்னது. அங்கே போய் ஒப்பந்தம் கேட்கக் கூச்சப்பட்டான். "அவ்ளோ பெரிய ஆளுங்ககிட்ட போய் உங்கள நம்பலன்னு சொல்ற மாதிரி இருக்கும்டா" என்றான். மூன்று முறை டெமோ கொடுத்தான். எட்டு மாதத்தில் அந்த நிறுவனம் அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தது. வழக்குப் போட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சின்னவனுக்கு இந்த ஒப்பந்தம் ஒரு கவசம். அவனிடம் இருப்பது அந்த ரகசியம் மட்டும்தான்.

பெரியவர்களும் இதற்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1973-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கவேண்டும் என்றது. 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். பங்கைக் குறைப்பதோடு தொழில்நுட்பத்தையும் இந்திய நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று அரசு சொன்னபோது, கோகோ கோலா கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. இவ்வளவு பெரிய சந்தையை விட்டாலும் விடுவோம், ஃபார்முலாவை விடமாட்டோம் என்று போனவர்கள் 1993-ல்தான் திரும்பி வந்தார்கள். நடுவில் அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒரு பானம் விற்றுப் பார்த்தது, நிலைக்கவில்லை.

*

கோகோ கோலாவின் ரகசியத்தை ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம். அட்லாண்டாவில் அப்படி ஒரு பெட்டகத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். ஆனால் தொழில் அறிவில் பெரும்பகுதி காகிதத்தில் இருப்பதில்லை, ஆளுக்குள் இருக்கிறது. அதை எப்படிப் பூட்டுவது?

பழைய காலத்தில் ஆளையே பூட்டினார்கள். 1291-ல் வெனிஸ் அரசு, தீ விபத்துப் பயத்தைச் சொல்லி, கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியது. தீப்பயம் உண்மைதான். ஆனால் கண்ணாடித் தொழிலாளர்களை ஒரே தீவில் வைத்துக் கண்காணிப்பதற்கும் அது வசதியாகப் போயிற்று. அவர்கள் வெளிநாடு போகத் தடை இருந்தது. தீவில் அவர்களுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. இப்படிச் சொல்லும்போது எனக்குச் சிறுசேரியில் பார்த்த சில கேம்பஸ்கள் ஞாபகம் வருகின்றன.

தீவு காகிதமான கதைக்கு இந்தியாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மும்பை அருகே கல்யாணில் செஞ்சுரி நிறுவனத்தின் ரேயான் ஆலை. டயருக்குள் போகும் நூல் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஹாலந்து, மேற்கு ஜெர்மனி நிறுவனங்களிடம் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, உங்கள் ஊழியர்களிடமும் ரகசிய உறுதி வாங்கவேண்டும் என்பது. 1963-ல் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர் சேர்ந்தார். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். 1964-ல் அவர் வேலையை விட்டுவிட்டு, கோட்டாவில் அதே மாதிரி ஆலை ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967-ல் தீர்ப்பு. ஐந்து வருஷம் முடியும் வரை அந்த வேலையைப் போட்டி நிறுவனத்தில் செய்யக்கூடாது என்ற தடை செல்லும் என்றது நீதிமன்றம். ஒப்பந்தக் காலத்துக்குள்ளான தடை என்பதால் செல்லும். வேலை முடிந்த பிறகும் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தங்களை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ரகசியத்தைச் சொல்லாதே என்று தடுக்கலாம். பிழைக்காதே என்று தடுக்கமுடியாது.

இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த பதில் 1916-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை கொடுத்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. பளுதூக்கும் இயந்திரங்கள் செய்யும் ஹெர்பர்ட் மோரிஸ் என்ற நிறுவனம், தன்னிடமிருந்து விலகிய ஒரு பொறியாளர்மேல் போட்ட வழக்கு. அதில் ஷா பிரபு என்ற நீதிபதி, வழக்கை விட்டுவிட்டுத் தத்துவத்துக்குள்ளேயே போய்விடுகிறார். வாடிக்கையாளர் பட்டியல், தயாரிப்பு ரகசியம் போன்றவை ஆளுக்கு வெளியே இருப்பவை, அவை முதலாளியின் சொத்து என்கிறார். ஒருவனுடைய கைத்திறனும் மூளைத்திறனும் அப்படியல்ல. அவை அவனுக்குள் இருப்பவை. அவை அவனுடைய சொந்தச் சொத்து, அவையே அவன்தான் என்கிறார். நிறுவனம் தோற்றது.

படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் வேலையில் உட்கார்ந்தால் அந்தக் கோடு அழிந்துபோகிறது. நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்தபோது ஒரு வரி கோடுகூட எடுத்து வரவில்லை. பென் டிரைவ் பக்கமே போகவில்லை. ஆனால் எந்த வழியில் போனால் ஆறு மாதம் வீணாகும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் செலவழித்த பணமும் தெரியும். அடுத்த நிறுவனத்தில் ஒரு மீட்டிங்கில், "இது வேலைக்கு ஆகாது" என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "அனுபவம்" என்றேன். அது ரகசியமா, திறனா? நான் கற்றுக்கொண்ட பிழை யாருடைய சொத்து? இன்றைக்கும் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் என் தூக்கம் கெட்டதில்லை. இங்கே மோதிக்கொள்பவர்கள் நானும் என் முதலாளியும். இருவருமே அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். இழப்பு வந்தால் எங்களில் ஒருவருக்கு வரும்.

என் தூக்கத்தைக் கெடுத்தவன் கையெழுத்தே போடாதவன்.

*

இப்போது அந்த 'செட்டிங்' விஷயத்துக்கு வரலாம். ஒரு ஹோட்டலுக்கு ஒரே தூரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு விதி வேண்டும். அப்படிப்பட்ட விதிகள் பல இருந்தன. அதில் ஒன்று, ஊக்கத்தொகையைத் தொடுவதற்கு இன்னும் நிறையத் தூரம் இருப்பவருக்கு முன்னுரிமை. அன்றைய இன்சென்டிவ் பட்ஜெட் தீரும் நேரத்தில் மட்டும் இந்த விதி விழித்துக்கொள்ளும். நாற்பது வரி இருக்கும். எனக்கு வந்த டிக்கெட்டில் 'பட்ஜெட் ஸ்மூத்திங்' என்று இருந்தது. எழுதினேன். இரண்டு பேர் சரிபார்த்தார்கள். ஒரு வியாழக்கிழமை லைவ் போனது.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், இதற்குச் சாதகமாகவும் பேசமுடியும். வேலையில்லாமல் நிற்பவனுக்கு ஆர்டர் போவது நல்லதுதானே? இரவு பத்துக்கு மேல் ஆர்டர் குறைவது உண்மைதானே? நான் அந்தத் தம்பியிடம் சொன்னதில் பாதி நிஜம் இருந்தது. அந்தப் பாதிதான் எனக்கு வசதியாக இருந்தது.

ரகசியம் என்பதாலேயே அது தப்பா? இல்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டால் உண்டு. அங்கே அல்வா கிண்டும் மாஸ்டர் கடைசிப் பத்து நிமிஷம் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிடுவார். என்ன சேர்க்கிறார் என்பது கடை முதலாளிக்கே தெரியாது என்பார்கள். அதனால் எனக்கு எந்த அநியாயமும் நடந்ததாக நான் நினைத்ததில்லை. ஏனென்றால் அல்வா நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு அந்த ரகசியம் தேவையில்லை. என் நாக்கு போதும். பிடிக்காவிட்டால் எதிர்க் கடைக்குப் போவேன். அவர் மறைப்பது எதிர்க் கடை மாஸ்டரிடமிருந்து.

இதற்கு மறுபக்கம் தெரனோஸ். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏகப்பட்ட சோதனைகள் செய்யலாம் என்று சொன்ன அமெரிக்க நிறுவனம். 2014-ல் அதன் மதிப்பு சுமார் 900 கோடி டாலர். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும், தொழில் ரகசியம் என்ற ஒரே பதில். உண்மையில் பல சோதனைகளை மற்ற நிறுவனங்கள் விற்கும் சாதாரண இயந்திரங்களில் செய்துகொண்டிருந்தார்கள். இதை உள்ளே இருந்து பார்த்த இளைஞர்களில் ஒருவர் டைலர் ஷுல்ட்ஸ். அவருடைய தாத்தா ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர், அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். பேரன் பத்திரிகையாளரிடம் பேசுகிறான் என்று சந்தேகம் வந்ததும், தாத்தா வீட்டிலேயே வழக்கறிஞர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அவன் போட்ட ரகசியக் காப்புக் கையெழுத்து. அவனைக் காப்பாற்ற அவனுடைய பெற்றோர் 4 லட்சம் டாலருக்கு மேல் வக்கீல் செலவு செய்யவேண்டி வந்தது. 2015 அக்டோபரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அடுத்த வருஷம் நிறுவனமே தன் இயந்திரத்தில் இரண்டு வருஷமாகச் செய்த சோதனை முடிவுகளை ரத்து செய்தது.

தன் ரத்தச் சோதனை முடிவு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு நோயாளியால் முடியாது. எதிர்க் கடைக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராது. ஏமாற்றப்படுவது தெரிந்தால்தானே? அங்கே மறைக்கப்பட்டது போட்டியாளரிடமிருந்து மட்டும் அல்ல, எந்த உடம்பின்மேல் அந்த இயந்திரம் வேலை செய்ததோ அந்த உடம்புக்கு உரியவரிடமிருந்தும். எலிசபெத் ஹோம்ஸை 2022-ல் குற்றவாளி என்று தீர்த்தார்கள், பதினொரு வருஷத்துக்கு மேல் சிறை. ஆனால் அது முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பை ஒட்டி வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன்.

ஆக, ஒரு ரகசியத்தின் எடையைப் பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. இது யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது? இது யார்மேல் வேலை செய்கிறதோ அவரால், இதைத் தெரிந்துகொள்ளாமலே, தனக்கு நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்ய முடியுமா? அல்வா மாஸ்டர் இரண்டிலும் தேறிவிடுகிறார். என் நாற்பது வரி தேறவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பி போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். ஒரு குறிப்பிட்ட பிரியாணிக் கடை வாசலில் நின்றால் விழும் என்று நம்பினான். பெட்ரோல் போட்டுக்கொண்டு கைவேலி வரைக்கும் போய் நின்றிருக்கிறான். ஜோசியம் மாதிரி ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். விதி தெரியாதவன் விதியைக் கும்பிடத் தொடங்குகிறான்.

இது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், உபர், ஓலா நிறுவனங்களுக்கு எதிராக ஓட்டுநர்கள் போட்ட வழக்குகளில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. தங்களைப் பற்றி அல்காரிதம் எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்டார்கள் ஓட்டுநர்கள். தொழில் ரகசியம் என்றன நிறுவனங்கள். அந்த வாதம் பெரும்பாலும் எடுபடவில்லை. நம் சட்ட ஆணையமும் 2024 மார்ச்சில் கொடுத்த 289-ஆவது அறிக்கையில், தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, தவறுகளை வெளிக்கொண்டு வருபவர்களுக்கு அதில் விலக்கு வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அமெரிக்காவில் 2016-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, சட்டமீறல் என்று சந்தேகப்பட்டு அரசு அதிகாரியிடமோ வக்கீலிடமோ ரகசியமாகச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டு.

*

சத்தியத்தை மீறிச் சொல்லிவிடுவது பற்றி யோசித்தால் நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வருபவர் ராமானுஜர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரத்தின் பொருளைக் கேட்பதற்காகப் பதினெட்டு முறை நடந்தார். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. கேட்டுக்கொண்டார். பிறகு கோயிலில் உயரத்தில் ஏறி நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது அவருடைய கருணைதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது வேறொன்று தெரிகிறது. அந்த நிபந்தனையே செல்லாது என்று அவர் வாதாடவில்லை. தெரியாமல் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை. நரகம் எனக்கு, பலன் அவர்களுக்கு என்று கணக்கை நேர்செய்துவிட்டுத்தான் மீறினார். சத்தியத்தை மதித்துக்கொண்டே அதை மீறுவது என்று ஒன்று இருக்குமானால் அது அப்படித்தான் இருக்கமுடியும்.

அந்தக் கதையில் என் இடம் எது என்று யோசித்திருக்கிறேன். கோபுரம் ஏறுபவன் இல்லை, நிச்சயமாக. எனக்கு நரகம்கூட வேண்டாம், மூன்று மாத நோட்டீஸ் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாலே போதும். வீட்டுக்கடன் அப்போதுதான் வாங்கியிருந்தோம். இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, அனுதாபத்துக்கும் சொல்லவில்லை. ஒப்பந்தங்கள் வேலை செய்வதே நம்முடைய இந்தக் கணக்கை நம்பித்தான்.

பல நாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் என்ன செய்யமுடியும், கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று. வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அந்தப் பதினோரு பக்க ஃபைல் கண்ணில் பட்டது. முதல்முறையாக முழுதாகப் படித்தேன். எதைச் சொல்லக்கூடாது என்று நான்கு பக்கம் இருந்தது. ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தது, எனக்கு முன்பே தெரிந்தது, நீதிமன்றம் கேட்பது இவையெல்லாம் இதில் சேராது என்றும் இருந்தது. மறைப்பதற்காகப் பொய் சொல்லவேண்டும் என்று எங்கேயும் இல்லை. உள்ளுக்குள்ளேயே, என் மேலதிகாரியிடம், இது சரியில்லை என்று சொல்லக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை.

சிசெலா போக் என்ற தத்துவ அறிஞர் பொய்யைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு ரகசியத்தைப் பற்றித் தனியாக இன்னொன்று எழுதினார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. பொய்க்கு எப்போதுமே விளக்கம் சொல்லியாகவேண்டும். ரகசியம் அப்படியல்ல, அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எனக்கு அந்த வித்தியாசம் படிக்கட்டில் வைத்துப் புரிந்திருக்கவேண்டும். ஒப்பந்தம் என்னிடம் கேட்டது மௌனம். "ஒண்ணும் இல்லப்பா" என்று நான் சொன்னது என் சொந்தச் சரக்கு.

ஆபீஸிலும் அதேதான் செய்தேன். அந்த டிக்கெட் வந்த வாரத்து மீட்டிங்கில், "இது டார்கெட் பக்கத்துல வந்தவங்கள அடிக்கும்ல?" என்று கேட்டேன். கேட்டது நிஜம். பிராடக்ட் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "டோட்டல் பே-அவுட் சேம்தான் ப்ரோ, டிஸ்ட்ரிப்யூஷன்தான் மாறுது" என்றார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன். அந்த அறையில் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அங்கே எதைச் சொல்லியிருந்தாலும் ரகசியம் வெளியே போயிருக்காது. அங்கே நான் வாயை மூடிக்கொண்டதற்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியென்றால் படிக்கட்டில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ரொம்ப நாள் யோசித்து ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தேன். "தம்பி, அத நான் சொல்லக் கூடாது." அவ்வளவுதான். வக்கீல் தோழி ஒருத்தியிடம் கேட்டேன், இது மீறலா என்று. "தகவல் எதையும் நீ சொல்லலையே" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அவன் புரிஞ்சுக்குவான்" என்றாள். ஆமாம், புரிந்துகொண்டிருப்பான். சொல்லக் கூடாத ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்கும். பிரியாணிக் கடை வாசலுக்கும் கைவேலிக்கும் பெட்ரோல் செலவழித்திருக்கமாட்டான். பதிமூன்றில் நின்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பான். அல்லது மற்றப் பையன்களோடு சேர்ந்து போய்க் கேட்டிருப்பான். என்ன செய்வது என்பதை அவன் முடிவுசெய்திருப்பான்.

அவன் 2020 லாக்டவுனில் ஊருக்குப் போனான். சாமான் ஏற்றும்போது நான் மாடியிலிருந்து கையசைத்தேன். "வரேண்ணா" என்றான்.

போன வருஷம் வேலை மாறினேன். மறுபடி அதே மஞ்சள் வெளிச்சக் கட்டங்கள், பதினான்கு பக்கம். இந்த முறை உட்கார்ந்து படித்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. சட்டத்துக்குப் புறம்பாகவோ யாருக்கும் தீங்காகவோ ஏதாவது கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு வரி சேர்க்கமுடியுமா என்று எழுதிக் கேட்டேன். ஹெச்.ஆரிலிருந்து போன் வந்தது. "சார், இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஏதாச்சும் பிராப்ளமா சார்?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சும்மா கேட்கவில்லையே. மறுபடி கூப்பிட்டு, "சும்மா கேக்கலம்மா, லீகல்ல கேட்டுச் சொல்லுங்க" என்றேன். டெம்ப்ளேட்டை மாற்றமுடியாது, ஆனால் புகார் சொல்லத் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.